அசையாத திருகு கற்றுத்தரும் அறிவியல்

துருப்பிடித்து இறுகிப்போன ஒரு திருகைக் கழற்றச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் பலம் கொண்ட மட்டும் திருகிப் பார்ப்பார்கள். திருகுத் தலையின் வெட்டு மழுங்கிவிடும். அதன்பின் திருப்புளிக்குப் பிடிமானமே கிடைக்காது. ‘ஏன் அசையவில்லை?’ என்று கேட்ட பிறகே கருவியைக் கையில் எடுக்க வேண்டும். இதை மாணவர்களுக்கு உணர்த்த, எங்கள் தொழிற்கல்விப் பிரிவில் இருந்த பழைய பெஞ்ச் வைஸ் ஒன்றைப் பயன்படுத்தினேன்.

அந்த வைஸ் கழிவுப் பட்டியலில் சேரும் நிலையில் இருந்தது. அதன் உடல் வார்ப்பிரும்பு. அதில் பழுது ஏதுமில்லை. தாடைகளில் பொருத்தியிருந்த எஃகுத் தகடுகள் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. அரம் போடும்போது வேலைத்துண்டு நழுவினால் மாணவரின் கை கிழியும். தகடுகளை மாற்றினால் போதும். ஆனால் அவற்றைப் பிடித்திருந்த நான்கு திருகுகளும் அசையவில்லை.

ஏன் இறுகுகிறது?

இரும்பு, ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து நீரேறிய இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. இதுவே துரு. துரு, தான் உருவான இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். மரைகளுக்கு இடையே இருப்பதோ மிகக் குறுகிய இடைவெளி. அங்கே துரு வளர்ந்தால் ஆப்பு அடித்தது போல் ஆகிவிடும். ஆகவே நாம் வெல்ல வேண்டியது திருகை அல்ல, துருவை.

படிப்படியாகச் செய்தவை

1. எண்ணெயும் பொறுமையும்: கம்பித் தூரிகையால் திருகுத் தலையைத் தேய்த்து, வெட்டில் இருந்த அழுக்கைக் கூர்முனையால் சுரண்டினோம். துருவை ஊடுருவும் மெல்லிய எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு ஒரு நாள் விட்டுவைத்தோம். கிரீஸ் ஏன் உதவாது என்று கேட்டேன். ‘அது கெட்டியானது, உள்ளே போகாது’ என்றாள் ஒரு மாணவி. நுண்புழை நுழைவுக்கும் பாகியலுக்கும் அங்கேயே பாடம் தொடங்கியது.

2. தட்டுதல்: திருகுத் தலையின் மேல் ஒரு பஞ்சை வைத்துச் சுத்தியலால் சில முறை சுருக்கென்று தட்டினோம். குறைந்த நேரத்தில் செயல்படும் பெரிய விசை, அதாவது பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் கணத்தாக்கு. துரு நொறுங்கும் தன்மையுடையது; அதிர்வில் விரிசல் விடும். வார்ப்பிரும்பும் அப்படித்தான், எனவே வைஸின் உடல்மீது அடி விழக் கூடாது.

3. திருப்புதல்: வெட்டின் நீளத்தையும் அகலத்தையும் முழுமையாக நிரப்பும் திருப்புளியைத் தேர்ந்தெடுத்தோம். முதலில் சற்றே இறுக்கும் திசையிலும், பிறகு தளர்த்தும் திசையிலும் மாறி மாறித் திருப்பினோம். திருப்புளியின் அறுகோணத் தண்டில் ஸ்பேனரை மாட்டினோம். கைப்பிடியின் ஆரம் 1.5 செ.மீ., ஸ்பேனரின் நீளம் 15 செ.மீ. என்றால், அதே விசைக்குத் திருப்புத்திறன் 10 மடங்காகும். இரண்டு திருகுகள் இந்தப் படியிலேயே கழன்றன.

4. வெப்பம்: ‘சூடாக்கினால் துளை பெரிதாகுமா, சிறிதாகுமா?’ என்று கேட்டேன். சிறிதாகும் என்றே பலரும் சொன்னார்கள். உலோகம் எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் விரிவதால் துளையும் பெரிதாகும். 10 மி.மீ. துளையைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு 200 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், விட்டம் ஏறத்தாழ 0.02 மி.மீ. கூடும். அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவுதான். ஆனாலும், திருகு சூடேறுவதற்கு முன் சுற்றியுள்ள உலோகம் விரிவதும், ஆறும்போது சுருங்குவதும் துருவின் பிடியைத் தளர்த்தப் போதுமானவை. மூன்றாவது திருகு இப்படித்தான் வந்தது.

5. துளையிடுதல்: நான்காவது எதற்கும் அசையவில்லை. தலையின் நடுவில் பஞ்சால் குறியிட்டு, திருகின் தண்டைவிடச் சற்றே பெரிய டிரில்லால் தலையை மட்டும் நீக்கினேன். தகடு கழன்றது. தலை போனதும் திருகில் இருந்த இழுவிசையும் போய்விட்டது. வெளியே நீட்டியிருந்த தண்டைப் பூட்டுக் குறடால் பிடித்துத் திருப்பியதும் சுழன்று வந்தது.

கவனிக்க வேண்டியவை

அனைவருக்கும் கண்ணாடிக் கவசம் கட்டாயம். சூடாக்குவதையும் துளையிடுவதையும் ஆசிரியரே செய்ய வேண்டும். எண்ணெயை முழுமையாகத் துடைத்த பிறகு, காற்றோட்டமான இடத்தில் மட்டும் சூடாக்கலாம். சூடான வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழும். பழைய தகடுகளையே மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தால் அதிக வெப்பம் கூடாது. அவற்றின் கடினத்தன்மை குறைந்துவிடும்.

வகுப்பறைக்கு

பட்டறை இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். உடைந்த மேசையின் போல்ட்டும், பழைய மிதிவண்டியின் நட்டும் போதும். ஒவ்வொரு குழுவும் கருவியைத் தொடும் முன் மூன்று வரிகள் எழுதட்டும்: எது தடுக்கிறது, எந்தப் படி அதைத் தளர்த்தும், ஏன். செய்து பார்த்த பின், கணித்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கட்டும். தொடக்க வகுப்புகளில், ஈரத்தில் ஓர் ஆணியையும் எண்ணெய் பூசிய ஓர் ஆணியையும் வைத்து ஒரு வாரம் கவனிக்கச் செய்தாலே போதும்.

புதிய தகடுகளைப் பொருத்தும்போது மாணவர்களே திருகு மரைகளில் கிரீஸ் பூசினார்கள். அடுத்து வரும் மாணவர்கள் அவற்றைக் கழற்றச் சிரமப்பட மாட்டார்கள்.