எல் நினோவும் புதுக்கோட்டை மழையும்

கேள்வி: பசிபிக் கடலில் எல் நினோ தோன்றினால் புதுக்கோட்டையில் மழை பொய்க்குமா? (வாசகர், அறந்தாங்கி)

பதில்: பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதி நீர் வழக்கத்தைவிடச் சூடாவதே எல் நினோ. அப்போது தென்மேற்குப் பருவமழை நலிவதுண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்களை நிரப்பும் வடகிழக்குப் பருவமழையோ தமிழகத்தில் பெரும்பாலும் வலுக்கிறது. 2015-இல் எல் நினோ. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. மறு ஆண்டு பசிபிக் குளிர்ந்தது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கண்மாய்ப் பாசனத்தை நம்பிய புதுக்கோட்டைச் சீமைக்கு அது பேரிழப்பு. ஆயினும் எல் நினோவின்போது வடகிழக்குப் பருவமழை வலுப்பது போக்குதான், விதியல்ல. 2018 இறுதியில் பசிபிக் சூடேறியிருந்தும் தமிழகத்தில் மழை குறைந்தது.