சொல்லாமல் போய் நில்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதமும், அதோடு அனுப்பிய மூன்று முதியோர் இல்லங்களின் வண்ணப் புத்தகங்களும் கிடைத்தன. "எது நல்லது அத்தை?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். படத்தைப் பார்த்துச் சொல்ல இதென்ன தீபாவளிப் புடவையா, கண்ணா?

கேளம்பாக்கம் பக்கம் இருப்பதுதான் உனக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிகிறது. புல்வெளி, கோயில், நீச்சல் குளம். இடுப்பில் தகடு வைத்த 79 வயது உன் அம்மா, என் அண்ணி, எந்தக் குளத்தில் இறங்கப் போகிறாள்? லாயிட்ஸ் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய வீட்டு இல்லத்தை மட்டும் "கொஞ்சம் பழசு" என்று ஒதுக்கியிருக்கிறாய். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். ராயப்பேட்டையில் உன் வீட்டிலிருந்து கேளம்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர். முதல் மாதம் எல்லா ஞாயிறும் போவாய். அப்புறம் பிள்ளைக்குப் பரீட்சை வரும், உனக்கு ஆபீஸ் வேலை வரும். கடைசியில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்று ஆகிவிடும். உன் மனசு நல்லதுதான், அதை நான் அறிவேன். தூரம் அதைத் தின்றுவிடும்.

நீ வந்து போவதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று கேட்பாய். 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரம் கருணை இல்லம் செய்தியில் அடிபட்டதே, நினைவிருக்கிறதா? அதன் வேனில் ஒரு பிணம், காய்கறி மூட்டைகள், கூடவே உயிரோடு இரண்டு முதியவர்கள். அவர்களில் ஒரு அம்மா போட்ட சத்தம் கேட்டு, சாலையில் போனவர்கள் வண்டியை மறித்தார்கள். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போனார்கள், இருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அந்த இல்லத்தைப் பற்றிச் சொன்னதில் எது மெய், எது வதந்தி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. என்னை உறுத்துவது வேறு. அங்கே இருந்தவர்களில் பலரைப் பார்க்க வருவதற்கு ஒருவரும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஏர்வாடிக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் செத்தார்களே, அவர்கள் நிலையும் இதேதான்.

"அதெல்லாம் ஆதரவற்றவர்கள் இடம், நாம் மாதாமாதம் பணம் கட்டப் போகிறோம்" என்று நீ சொல்வாய். கனடாவில் லீல் வெர்த் என்ற ஊரில் காசு கொடுத்துத்தான் இருந்தார்கள். 2014 ஜனவரியில் நள்ளிரவு கழிந்து தீ பிடித்தது; 32 முதியவர்கள் போனார்கள். எரிந்து விழுந்த பழைய பகுதியில் தீயணைக்கும் தண்ணீர்த் தெளிப்பான் கிடையாது. ஆகவே நீ கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் ராத்திரியைப் பற்றிக் கேள். இரண்டு மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை ஆட்கள் விழித்திருக்கிறார்கள்? கிரில் கேட்டைப் பூட்டினால் சாவி யாரிடம்? நடக்க முடியாதவர்களை மாடியில் படுக்க வைத்திருக்கிறார்களா? பதில் சொல்ல மேனேஜர் யோசித்தால் எழுந்து வந்துவிடு.

அங்கே இருக்கும்போது வரவேற்பறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்காதே. நேரே கழிவறைக்குப் போ. பிடித்து எழுந்திருக்கக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குமா, உள்ளே யாராவது விழுந்தால் கதவை வெளியிலிருந்து திறக்க முடியுமா என்று பார். பகல் பதினொரு மணிக்குக் கூடம் முழுக்கத் தூங்கி வழிந்தால், என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேள். சாப்பாட்டு நேரத்தில் போனால் சமையல் ருசியை மட்டும் பார்த்துவிட்டு வராதே. படுத்த படுக்கையாக இருப்பவரை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, அவசரத்தில் சாய்ந்தபடியே வாயில் திணிக்கிறார்களா? இரண்டாவது வகையில் கஞ்சி மூச்சுக்குழாய்க்குப் போய் நிமோனியாவில் முடியும். தண்ணீர் விஷயமும் அப்படித்தான். அடிக்கடி பாத்ரூம் கூட்டிப்போகச் சலித்துக்கொண்டு தண்ணீரைக் குறைக்கும் ஆயாக்கள் உண்டு. அதிலே சிறுநீர்த் தொற்று வந்து, பெரியவர் ஏதேதோ பேச ஆரம்பிப்பார். வீட்டார் "வயசாயிடுச்சு, மறதி" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

படுக்கைப் புண்ணை மறக்காதே. எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவேண்டும். முதுகின் அடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாலே, போன வாரத்து ராத்திரிகள் எப்படிப் போயின என்று தெரிந்துவிடும்.

"கேமரா வைத்திருக்கிறார்கள் அத்தை, மொபைலிலேயே பார்க்கலாம்" என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கேமராவுக்கு மூத்திர வாடை தெரியுமா? போர்வைக்கு அடியில் பார்க்குமா? அண்ணி உடை மாற்றும் இடத்தில் கேமரா எதற்கு என்று நீ கேட்டாயா?

இதைவிடப் பெரிய தவறு உன் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது: "அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை." எனக்குக் கோபம் வந்தது. அவள் என்ன, இடம் மாற்ற வேண்டிய பீரோவா? மூன்று இடத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போ. அங்கே இருக்கும் பாட்டிகளோடு அவள் பத்து நிமிஷம் பேசினால், நீ பத்து மாதத்தில் அறியாததை அறிந்துகொண்டு வருவாள். முதலில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும். வேண்டாம் என்றால் கேள்வி கேட்காமல் திரும்பக் கூட்டி வா.

காகித வேலை கொஞ்சம்தான். இல்லத்தின் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, காலாவதித் தேதியை நீயே படி. சந்தேகமிருந்தால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரி. அட்வான்ஸ் எப்போது, எவ்வளவு திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்கு. கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்களே, 200 படுக்கைகளோடு, அங்கே அண்ணியை ஒருமுறை முழுக்கச் சோதித்து, மருந்துப் பட்டியலை எழுதி வாங்கி, ஒரு நகலை இல்லத்தில் கொடு. முதியோர் உதவி எண் 14567. அதை உன் போனில் போடுவதோடு நிற்காமல் அண்ணியின் போனிலும் போட்டு, அழுத்தக் கற்றுக்கொடு.

சேர்த்தபின் போக ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுக்காதே. எல்லாப் பிள்ளைகளும் வரும் நேரம், படுக்கை விரிப்பெல்லாம் புதிதாக இருக்கும். ஒரு செவ்வாய் ராத்திரி எட்டரைக்குப் போ. இன்னொரு நாள் விடிகாலை ஆறுக்கு. எப்போது வருவாய் என்று அங்கே யாரிடமும் சொல்லிவைக்காதே.

அன்புடன்,
அத்தை