கேமிங் கம்ப்யூட்டர்: ரெடிமேடா, அசெம்பிளா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பல வீடுகளில் ஒரு பேச்சுவார்த்தை தொடங்கிவிடுகிறது. பிள்ளை கேட்பது கேமிங் கம்ப்யூட்டர். அப்பா கேட்பது, "கம்பெனி சிஸ்டமா, ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் பண்ணுவதா?" பக்கத்து வீட்டு அண்ணன் ஒன்று சொல்வார், யூடியூப் ஒன்று சொல்லும், கடைக்காரர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூன்றுமே எப்போதோ, எங்கோ உண்மையாக இருந்தவைதான். இன்றைக்கு நம் ஊரில், நம் பணத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்போம்.

வெளிநாட்டு வீடியோக்கள் இரண்டு வழிகளைத்தான் பேசுகின்றன: பெட்டியோடு வருவதை வாங்குவது, தானே பூட்டுவது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் அதிகம் நடப்பது மூன்றாவது வழி. பாகங்களை நாம் சொல்கிறோம், கடைக்காரர் பூட்டித் தருகிறார். ஆகவே ஸ்க்ரூடிரைவரை யார் பிடித்தார் என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும் வாங்குபவர் கையில் எழுத்தில் இருக்கிறதா? ஏமாற்றங்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கின்றன.

"ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கார்டு. இதற்குமேல் என்ன வேண்டும்?"

குடும்பங்கள் அதிகம் பணத்தை இழப்பது இந்த விளம்பரத்தில் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். வண்ண விளக்கு எரியும் கண்ணாடி கேபினெட், இருபதாயிரம் ரூபாயை ஒட்டிய விலை, கொட்டை எழுத்தில் ஐ7. ஐ7 என்பது ஒரு பிராசசரின் பெயரன்று. 2008 முதல் இன்டெல் தலைமுறைதோறும் வைத்துவந்த வரிசைப் பெயர். ஐ7-2600 வந்தது 2011-இல். ஐ7-3770, 2012. ஐ7-4770, 2013. அலுவலகங்கள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்களிலிருந்து வெளியே வரும் இவை, பெயர் கேள்விப்படாத கம்பெனியின் எச்61 அல்லது எச்81 போர்டில் உட்கார்ந்து, புதுக் கேபினெட்டுக்குள் நுழைந்து, 'கேமிங் பிசி' ஆகிவிடுகின்றன. 2022-இல் வந்த ஐ3-12100 என்ற அடிமட்ட பிராசசரே அந்த மூன்றையும் தாராளமாகத் தாண்டிவிடும்.

வேகம் போனால் போகிறது என்று விடவும் முடியாது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பிராசசர்களை முறையாக ஏற்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுப்பார்கள். சிஸ்டம் ஆன் ஆகும், படமும் பாட்டும் ஓடும். ஆனால் வாலரன்ட் விளையாட்டு விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அந்தக் காலத்துப் போர்டுகளில் டிபிஎம் 2.0 கிடைக்காது. எந்த விளையாட்டுக்காகப் பிள்ளை மாதக்கணக்கில் காத்திருந்தானோ அதுவே திறக்காமல் போகும்.

அடுத்து அந்த '4 ஜிபி கார்டு'. பெரும்பாலும் அது 2014-இல் வந்த ஜிடி 730 ஆக இருக்கும். கார்டில் எத்தனை ஜிபி நினைவகம் ஒட்டியிருக்கிறது என்பது அது எவ்வளவு வேகமாகப் படம் வரையும் என்பதைச் சொல்லாது. சிப் எது என்பதுதான் சொல்லும். நல்ல பெயருள்ள கார்டுகளிலும் இந்த மயக்கம் உண்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 முதலில் 8 ஜிபியோடு வந்தது. 2024 பிப்ரவரியில் அதே பெயரில் 6 ஜிபி கார்டு ஒன்று வந்தது. குறைந்தது நினைவகம் மட்டும்தான் என்று வாங்குபவர் நினைப்பார். உள்ளே இருந்த கணக்கிடும் கோர்களும் 2560-லிருந்து 2304 ஆகக் குறைந்திருந்தன. இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயரை வைத்ததை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன். கொட்டேஷனில் 'ஆர்டிஎக்ஸ் 3050' என்று மட்டும் இருந்தால், எந்த 3050 என்று எழுதிக் கேளுங்கள்.

"சொந்தமாக அசெம்பிள் செய்தால் எப்போதும் மலிவு"

பல ஆண்டுகள் இது உண்மையாகவே இருந்தது. 2021-இல் பொய்த்தது. ஈத்தரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டுகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சிப் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. கார்டு தனியாகக் கிடைப்பதே அரிதாகி, கிடைத்தாலும் அச்சிட்ட விலையைப்போல இரு மடங்கு கேட்டார்கள். கார்டுகளை மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்கியிருந்த பெரிய கம்பெனிகளின் முழு சிஸ்டம் அப்போது லாபமாக இருந்தது. 2022-இல் நிலைமை தளரத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஈத்தரியம் தன் முறையை மாற்றி, கார்டு வைத்துத் தோண்டும் தேவையையே ஒழித்தது. இரவுபகலாக ஓடிக் களைத்த கார்டுகள் பழைய பொருள் சந்தையில் வந்து குவிந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

2025 பிற்பகுதியில் ரேமுக்கு அதே கதை திரும்பியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு நினைவகச் சில்லுகள் போகத் தொடங்க, கடைகளில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. இப்படிப்பட்ட காலங்களில், பழைய விலைக்கு வாங்கிய சரக்கு தீரும்வரை ரெடிமேட் சிஸ்டம் மலிவாக நிற்கும். தீர்ந்ததும் அதுவும் ஏறும். அதனால் 'எது மலிவு' என்பதற்கு நிரந்தர விடை கிடையாது. வாங்குகிற வாரத்தில் இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது கணக்கில் விட்டுப்போகும் சங்கதிகள் சில. ரெடிமேடில் முறையான விண்டோஸ் உரிமம் சேர்ந்தே வரும். அசெம்பிள் கொட்டேஷனில் அந்த வரியே இருக்காது. சொல்லப்படும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்கவேண்டும். மானிட்டரும் யுபிஎஸ்ஸும் இரண்டு பக்கத்திலும் மறந்துபோகும். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். நடுத்தர கேமிங் சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்தால் அந்த எல்லை பக்கத்தில் வந்துவிடும்.

"பெரிய கம்பெனி என்றால் உள்ளே எல்லாமே தரம்"

விளம்பரத்தில் அச்சாவது நான்கு விஷயம்: பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் அளவு, எஸ்எஸ்டி அளவு. அச்சாகாத இடத்தில்தான் செலவைக் குறைப்பார்கள். மதர்போர்டின் மாடல், மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், யார் செய்தது, ரேம் ஒன்றாக இருக்கிறதா இரண்டாக இருக்கிறதா என்பதெல்லாம் வெளியே தெரியாது.

ரேம் விஷயம் சின்னதாகத் தெரியும். 16 ஜிபியை ஒரே ரேமாகப் போட்டால் பிராசசருக்கும் அதற்கும் இடையே ஒரு பாதை மட்டும் திறந்திருக்கும். இரண்டு 8 ஜிபியாகப் போட்டால் இரண்டு பாதை. கல்யாண மண்டபத்தின் இரண்டு வாசலில் ஒன்றைச் சாத்திவிட்டுப் பந்திக்கு அழைப்பது போலத்தான் அந்த ஒற்றை ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸில் விளையாடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணால் பார்க்கும் அளவுக்குத் தெரியும். இன்னொன்று, ரேம் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் தானாக வந்துவிடாது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கவேண்டும். கடையில் பூட்டித் தரும்போது பல நேரம் இதைச் செய்யாமலே அனுப்பிவிடுகிறார்கள். சில கம்பெனி சிஸ்டங்களில் அந்த வசதியே முடக்கப்பட்டிருக்கும்.

கம்பெனி சிஸ்டம் என்றாலே குப்பை என்று மறுகோடிக்குப் போகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கிராமத்திலோ சிறு நகரத்திலோ இருந்துகொண்டு, வீட்டில் யாருக்கும் கம்ப்யூட்டர் கழற்றத் தெரியாத நிலையில், ஆள் வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவை கூடுதல் விலைக்குத் தகுந்ததே.

எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. '80 பிளஸ் பிரான்ஸ்' ஸ்டிக்கர் இருந்தால் தரமானது என்ற நம்பிக்கை இரு தரப்பிலும் பரவியிருக்கிறது. அந்தச் சான்று மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. மின்னழுத்தம் எகிறும்போது துண்டிக்குமா, ஷார்ட் ஆனால் மற்ற பாகங்களைக் காப்பாற்றுமா என்பதற்கு அது பொறுப்பில்லை. மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரில் கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். விளக்கு எரியும் ஃபேன்களை விட்டுக்கொடுத்தாவது இதில் பணம் போடுங்கள்.

வெயிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் இருபது சொச்சம் டிகிரி அறையில் எடுக்கப்படுபவை. சித்திரை மாதத்தில் நம் மாடி அறை 35 டிகிரியைத் தொடும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனையும் உள்ளே இருக்கும் சிப்பிலும் ஏறும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த அழகான கேபினெட்டைவிட, காற்று புகும் வலை வைத்த சாதாரணக் கேபினெட் இங்கே நெடுநாள் உழைக்கும்.

"அசெம்பிள் செய்ததற்கு வாரண்டி கிடையாது"

கிடையாது என்பது தவறு. சிதறியிருக்கிறது என்பதே சரி. பெட்டியோடு வாங்கும் பிராசசருக்கும், பெரும்பாலான மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டுகளுக்கும் 3 ஆண்டு. எஸ்எஸ்டிக்கு 3 அல்லது 5. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5 முதல் 10 வரை. முழு சிஸ்டத்துக்குப் பல கம்பெனிகள் தருவது 1 ஆண்டு. நீட்டிக்கத் தனிப் பணம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பாகங்களின் பக்கமே கை ஓங்குகிறது.

ஆனால் எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பது உங்கள் தலையில் விழும். திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் கார்டா, ரேமா, எஸ்எம்பிஎஸ்ஸா? மாற்றிப் போட்டுப் பார்க்க வீட்டில் இன்னொரு சிஸ்டம் இருக்காது. இதற்காகத்தான் முதல்முறை வாங்குபவருக்கு மூன்றாவது வழியைச் சிபாரிசு செய்கிறேன். பூட்டித் தந்த கடை, கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலையையும் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொள்வதாக பில்லில் எழுதியும் தரவேண்டும்.

பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது சீரியல் நம்பரும் பில்லும்தான். தள்ளுபடியாகக் கிடைத்த தொகை, கார்டு ஒருமுறை போனால் பல மடங்காகத் திரும்பிப் போய்விடும். பெட்டியில்லாமல் 'ட்ரே' சரக்காக விற்கும் பிராசசருக்கும் இதே எச்சரிக்கை: அதற்கு விற்ற கடைதான் பொறுப்பு, தயாரித்த கம்பெனி நேரடியாக ஏற்காது.

"இப்போது சின்னதாக வாங்கிவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்"

எந்த மதர்போர்டு என்பதைப் பொறுத்தது. 2017-இல் ஏஎம்டியின் ரைசன் பிராசசருக்காக ஏஎம்4 சாக்கெட் போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸைப் புதுப்பித்து, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் போட்டார்கள். அதே காலத்தில் இன்டெல் சாக்கெட்டை மாற்றிக்கொண்டே வந்தது: 2020-இல் எல்ஜிஏ 1200, 2021-இல் 1700, 2024-இல் 1851. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு, 2022-இல் வந்து இன்னும் ஆதரவில் இருக்கும் ஏஎம்5 பாதுகாப்பான தேர்வு என்பது என் கருத்து.

ரெடிமேடில் இந்த எதிர்பார்ப்பு மோதி நிற்கும் இடம் வேறு. சில பெரிய கம்பெனிகள் 1995 முதல் உலகம் பயன்படுத்தும் ஏடிஎக்ஸ் அளவை விட்டுவிட்டு, தங்களுக்கென்று தனி வடிவத்தில் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் செய்கின்றன. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட் போதும். நாளை 250 வாட் கேட்கும் 5070-க்குப் போக நினைத்தால் எஸ்எம்பிஎஸ் மாற்றவேண்டும். கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் அந்தக் கேபினெட்டில் பொருந்தாது, அதன் வயர் அந்தப் போர்டில் சேராது. வாங்கும் முன் விற்பவரிடம் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: "போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சாதாரண ஏடிஎக்ஸ் அளவா?"

"வீட்டில் பூட்டினால் கருகிவிடும்"

பெரும்பாலான இணைப்புகள் தப்பான இடத்தில் நுழையாதபடி வடிவமைக்கப்பட்டவை. சென்னையின் ஈரக் காற்றில் நிலைமின்சாரத் தொல்லையும் குறைவு. ஜாக்கிரதை வேண்டியது பிராசசர் உட்காரும் இடத்தில். வளைந்த பின்னுக்கு எந்த வாரண்டியும் வராது. ஏஎம்5 சிஸ்டத்தில் முதல்முறை சுவிட்ச் போட்டதும் சில நிமிடம் திரை கறுப்பாகவே நிற்கலாம். ரேமைப் பரிசோதித்துக்கொண்டிருக்கும், பயந்து அணைத்துவிடாதீர்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று கடைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. கேபிள் கார்டில்தான் போகவேண்டும்.

யார் பூட்டினாலும், பணம் முழுதாகக் கை மாறும் முன் கடையிலேயே அரை மணி நேரம் கேளுங்கள். டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் முழுப் பெயரையும், ரேமின் வேகத்தையும், எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு விளையாட்டை ஓடவிட்டு கார்டின் வெப்பத்தைக் கவனியுங்கள். கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி ஆகியவற்றின் சீரியல் நம்பர்கள் ஜிஎஸ்டி பில்லில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். காலிப் பெட்டிகளைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அவை தேவைப்படும்.