இந்தியாவுக்கு ஏன் மைனஸ்?

கேள்வி: ஹாம் ரேடியோ கான்டெஸ்டுக்காக லாகிங் சாஃப்ட்வேர் போட்டிருக்கிறேன். கூடவே வந்த சிடிஒய்.டாட் ஃபைலை நோட்பேடில் திறந்தால் இந்தியாவின் தீர்க்கரேகை மைனஸ் 77.58, நேரம் மைனஸ் 5.5 என்று இருக்கிறது. நாம் கிழக்கில்தானே இருக்கிறோம்? திருத்திவிடலாமா? இதை முதலில் எழுதியவர் யார்?
— ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: தயவுசெய்து கை வைக்காதீர்கள். அந்த ஃபைலில் மேற்குதான் பிளஸ், கிழக்கு மைனஸ். நேரக் கணக்கும் அப்படியே தலைகீழ். நீங்கள் மைனஸை அழித்தால் இந்தியா கியூபாவுக்கு வடக்கே கடலில் போய் விழும். ஆன்டெனாவைத் திருப்பச் சொல்லும் திசையும் அதற்கேற்ப மாறிவிடும்.

கென் வுல்ஃப் என்ற அமெரிக்க ஹாம், கால்சைன் கே1இஏ, டாஸ் காலத்தில் சிடி என்ற கான்டெஸ்ட் மென்பொருளை எழுதினார். அதற்காகப் பிறந்ததுதான் இந்த ஃபைல். கால்சைனில் 1 என்றால் நியூ இங்கிலாந்து வட்டாரம். அங்கே உட்கார்ந்து எழுதுகிறவர் தன் ஊருக்கு மைனஸ் போடுவாரா என்ன!

குறியை விட்டுத்தள்ளுங்கள். நாடுகளின் பட்டியலைப் புரோகிராமுக்குள் புதைக்காமல் வெளியே தனி ஃபைலாக வைத்தாரே, அதுதான் பெரிய காரியம். உங்கள் ஊர் ஷூ கம்பெனியில் மாடல் மாறினால் கிளிக்கிங் மெஷினையா மாற்றுகிறார்கள்? டையைத்தான் மாற்றுகிறார்கள். 1991-இல் சோவியத் யூனியன் உடைந்தது, 2011-இல் தெற்கு சூடான் பிறந்தது. இப்படிப் புது நாடும் புது கால்சைனும் வரும்போதெல்லாம் ஃபைலை மாற்றினால் போதும். சிடி-யைப் பழைய ஆட்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் ஃபைல் வடிவத்தையோ இன்றைய பல மென்பொருள்களும் படிக்கின்றன. இப்போது அதைப் புதுப்பித்து வெளியிடுபவர் ஜிம் ரெய்சர்ட், ஏடி1சி.

வியு2 என்று தட்டியதுமே இந்தியா, சிக்யூ மண்டலம் 22, ஆசியா என்று திரை சொல்வது இதைப் பார்த்துத்தான். அந்தமானும் (வியு4) லட்சத்தீவும் (வியு7) ஹாம் கணக்கில் தனித்தனி நாடுகள் மாதிரி. அவற்றுக்குத் தனி வரிகள் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் போர்ட் பிளேரிலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்ததும் இந்த அபூர்வ வியு4-க்காகத்தான். சுனாமி வந்ததும் அதே ரேடியோ அவசரச் செய்திகளுக்குப் பயன்பட்டது.

இன்னொன்று: 77.58 என்பது உங்கள் ஊரின் எண் அல்ல. நாடு முழுவதற்கும் பொதுவாக, மத்தியப் பிரதேசத்தில் ஒரு புள்ளி. ஆம்பூருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. மற்ற நாட்டுக்காரர் உங்களைத் தேட அது போதும். உங்கள் ஆன்டெனாவின் திசை சரியாக வர, ஸ்டேஷன் விவரத்தில் சொந்த இடத்தைக் கொடுங்கள். அங்கே பிளஸ் மைனஸ் குழப்பம் வேண்டாமென்றால் மெய்டன்ஹெட் கட்டம் இருக்கிறது. 1980-இல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் கூடிய ஹாம்கள் ஏற்றுக்கொண்ட முறை. தென்துருவத்திலிருந்தும் 180 பாகை மேற்கிலிருந்தும் எண்ணத் தொடங்குவதால் மைனஸுக்கே இடமில்லை. ஆம்பூர் எம்கே92. வாணியம்பாடி, வேலூர், ராணிப்பேட்டை, ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகம் எல்லாமே அதே கட்டம்தான்.

நீங்கள் வைத்திருப்பது என்1எம்எம் லாகர் என்றால், ஜன்னல்களின் இடம், ரேடியோவின் போர்ட் போன்ற சொந்த அமைப்புகள் ஒரு ஐஎன்ஐ ஃபைலில் இருக்கும். 1985-இல் வந்த முதல் விண்டோஸ் காலத்து வடிவம் அது. கான்டெஸ்டுக்கு முந்தைய நாள் அதைப் பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். சிக்யூ உலகப் போட்டி நமக்குச் சனிக்கிழமை காலை 5.30-க்கே தொடங்கிவிடும், அந்த நேரத்தில் போர்ட் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.