கயாக்கை மோட்டார்ஹோமில் ஏற்றிச் செல்லுதல்: முக்கியக் குறிப்புகள்

இந்தத் தலைப்பு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனாலும் வரலாறு, விளையாட்டு, இயற்பியல், சுற்றுச்சூழல் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் இதிலிருந்து கேள்வி எடுக்கலாம். கயாக் தொடக்கம் முதலே தூக்கிச் செல்லக்கூடிய படகு. மனிதத் தோள், ரயில், நீர்மூழ்கி, மோட்டார்ஹோம் என்று சுமக்கும் ஊர்தி மாற மாற, படகின் உருவமும் மாறியது. அந்த வரிசையில் படித்தால் ஆண்டுகள் குழம்பாது.

சுமந்தவையும் சுமக்கப்பட்டவையும்

• கயாக்கை உருவாக்கியவர்கள் ஆர்க்டிக் பகுதியின் இனுயிட், யூப்பிக், அலூட் மக்கள். கடலில் மிதந்துவந்த மரத்திலோ எலும்பிலோ சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்தார்கள். வேட்டைக்காரர் ஒருவரே தூக்கி நடக்கும் எடைதான். குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிய பெரிய திறந்த படகின் பெயர் உமியாக். இரண்டையும் மாற்றிப் போட்டுக் கேட்பார்கள்.

• 1865: ஸ்காட்லாந்து வம்சாவளியினரான ஜான் மக்ரிகர், 'ராப் ராய்' என்ற படகில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றினார். ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் படகு ரயிலிலும் மாட்டுவண்டியிலும் போனது. அவருடைய பயண நூல் வெளிவந்ததும், இங்கிலாந்தில் ராயல் கனோ கிளப் தோன்றியதும் 1866இல்.

• 1905: ஜெர்மனியில் கட்டடக்கலை மாணவர் ஆல்ஃபிரட் ஹொய்ரிக் மடக்குக் கயாக்கை வடிவமைத்தார். 1907இல் அதன் உரிமையை வாங்கித் தயாரிக்கத் தொடங்கியவர் ரோசன்ஹைம் நகரத் தையல்காரர் யோஹான் கிளெப்பர். தையல்காரர் படகு செய்ததில் வியப்பில்லை. சட்டத்தின்மேல் துணியைப் போர்த்துவதுதான் பாதி வேலை. பைக்குள் அடங்கிய படகு ரயில் பெட்டியில் ஏறியது.

• 1932–1939: ஆஸ்கர் ஸ்பெக் ஜெர்மனியின் ஊல்ம் நகரிலிருந்து மடக்குக் கயாக்கில் புறப்பட்டு, இந்தியக் கடற்கரை, இலங்கை, பர்மா, இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணை வரை போனார். கரையிறங்கியபோது இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்தது. எதிரி நாட்டவர் என்று சிறைமுகாமில் அடைத்தார்கள். ஏழாண்டுப் பயணத்துக்குக் கிடைத்த வரவேற்பு அது!

• 1942 டிசம்பர், ஃபிராங்க்டன் நடவடிக்கை: பிரான்சின் போர்டோ துறைமுகக் கப்பல்களைத் தகர்க்க, பிரிட்டிஷ் மரைன் படையினர் டியூனா என்ற நீர்மூழ்கியில் ஆறு மடக்குப் படகுகளைக் கொண்டுபோனார்கள். ஒன்று நீர்மூழ்கியின் வாயில் வழியாக வெளியே எடுக்கும்போதே கிழிந்தது. ஐந்தில் சென்ற பத்துப் பேரில் உயிர் மீண்டவர்கள் ஹாஸ்லர், ஸ்பார்க்ஸ் இருவர் மட்டுமே.

• 1942இல் தொடங்கிய இன்னொன்று சுவீடனின் தூலே நிறுவனம். நிறுவியவர் எரிக் தூலின். முதல் பொருள் மீன்பிடிப் பொறி. கார் கூரைத் தாங்கிகளால் உலகப் புகழ் பெற்றது பின்னாளில்தான்.

விளையாட்டு (சுருக்கமாக)

கயாக்கில் உட்கார்ந்து இருபுறமும் அலகுள்ள துடுப்பால் வலிப்பார்கள். கனோவில் மண்டியிட்டு ஒருபுற அலகுத் துடுப்பு. குறியீடுகள் முறையே கே, சி. ஒலிம்பிக்கில் 1924 பாரிசில் காட்சிப் போட்டி, 1936 பெர்லினில் முழுப் போட்டி. ஸ்லாலம் 1972இல் அறிமுகம், 1992இல் மறுவரவு. கயாக் கிராஸ் 2024 பாரிஸ். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கனோயிங் வீராங்கனை பிராச்சி யாதவ், டோக்கியோ 2020.

மோட்டார்ஹோம்

• கேரவன் டிரெய்லர் இழுக்கப்படுவது. மோட்டார்ஹோம் தானே ஓடுவது. அமெரிக்கப் பிரிவுகள் ஏ, பி, சி. ஏ பேருந்து போன்றது, பி வேனை மாற்றியமைத்தது, சி லாரி முகப்பின்மேல் படுக்கை நீட்டியது. எழுத்து வரிசையும் அளவு வரிசையும் ஒன்றல்ல: பெரியது ஏ, நடுவில் சி, சிறியது பி. பலர் மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான்.

• ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் 1950இல் வெளிவந்தது. அதைத் தங்கும் வண்டியாக்கிப் புகழ்பெற்றது வெஸ்ட்ஃபாலியா. அமெரிக்காவின் வின்னபேகோ 1958இல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் தொடங்கியது. மோட்டார்ஹோம் உற்பத்தி 1966இல்.

படகை எங்கே வைப்பது? உயரக் கணக்கு

இந்தக் குறிப்புகளில் நின்று படிக்க வேண்டிய பகுதி இது.

• அமெரிக்காவில் வணிக வாகன அகலத்துக்கு மத்திய அரசின் வரம்பு 102 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். உயரத்துக்கு மத்திய வரம்பு கிடையாது, மாநிலங்களே வகுக்கின்றன. பரவலான அளவு 13 அடி 6 அங்குலம், 4.11 மீட்டர்.

• 12 அடிக் கயாக்கின் நீளம் 3.66 மீட்டர். வண்டியின் பின்னால் குறுக்கே வைத்தால் அகல வரம்பைவிட ஒரு மீட்டருக்கு மேல் வெளியே நீட்டும். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத் தாங்கியில் செங்குத்தாக நிறுத்தினால் உச்சி 4.16 மீட்டர், உயர வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே பின்புறச் செங்குத்துத் தாங்கி இதைவிடக் குட்டையான படகுகளுக்கே பொருந்தும்.

• கூரையில் வைக்கலாமே என்று தோன்றும். ஏ பிரிவு வண்டியே பெரும்பாலும் 12 அடிக்கு மேல். அதன்மேல் ஏறிப் படகை இழுப்பது ஆபத்து; மெல்லிய கூரைத் தகடும் அதற்கென்று செய்யப்பட்டதல்ல. தாழ்வான பி பிரிவு வேனுக்குக் கூரைத் தாங்கி சரி.

• வட கரோலினாவின் டர்ஹாம் நகர ரயில் பாலத்தின் அடியில் இடைவெளி 11 அடி 8 அங்குலமாக இருந்தது. கூரை உரிந்த லாரிகளாலும் மோட்டார்ஹோம்களாலும் இணையத்தில் பெயர்பெற்றது. 2019இல் 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் மோதல்கள் நின்றபாடில்லை.

• யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் 1930இல் முடிந்த சுரங்கச் சாலை 1.1 மைல் நீளம். 11 அடி 4 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டிகள் நடுவில்தான் போக முடியும் என்பதால், எதிர்த்திசைப் போக்குவரத்தை நிறுத்தி, கட்டணம் வாங்கி விடுவது 2026 வரை பல்லாண்டு வழக்கமாக இருந்தது.

• நல்ல தீர்வு: மோட்டார்ஹோமின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய காரின் கூரை. தோள் உயரத்துக்குத் தூக்கினால் போதும், ஏணி வேண்டாம், முகாமில் வண்டியை நிறுத்திவிட்டுக் காரையும் படகையும் மட்டும் ஏரிக்கு ஓட்டலாம். கார் இல்லாதவர்களுக்குக் காற்றடைக்கும் கயாக்கோ மடக்குக் கயாக்கோதான். மடிக்க முடியாத படகுக்காகப் பெரிய வண்டியின் கூரையைத் துளைப்பது வீண் வேலை.

• அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய ஓரு கயாக், நெளிவுள்ள பாலிபுரோப்பிலீன் தகட்டை ஓரிகாமி முறையில் மடித்துப் பெட்டியாக்குகிறது. ரயில் காலத்து விடை மோட்டார்ஹோம் காலத்தில் திரும்பி வந்திருக்கிறது.

அறிவியல்

• காற்றுத்தடை விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம். மணிக்கு 80 கி.மீ.யிலிருந்து 112 கி.மீ.க்குப் போனால் வேகம் 1.4 மடங்கு, விசையோ ஏறக்குறைய இரு மடங்கு. நடுவில் இரண்டு பட்டைகள் போதாமல், மூக்கிலும் வாலிலும் தனிக் கயிறு கட்டுவது இதனால்தான்.

• திருப்புத்திறன்: பின் அச்சுக்கு 3 மீட்டர் பின்னால் 60 கிலோ (தாங்கியும் படகும்), இரு அச்சுகளுக்கும் இடையே 5 மீட்டர் என்று கொள்க. முன் அச்சு இழக்கும் எடை 60 × 3 ÷ 5 = 36 கிலோ. பின் அச்சில் கூடுவது 60 அல்ல, 96 கிலோ. முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடிப்பு குறையும்.

• பெரும்பாலான பிளாஸ்டிக் கயாக்குகள் பாலிஎத்திலீனால் ஆனவை. இது இளகும் பிளாஸ்டிக். வெயிலில் பட்டையை மிகையாக இறுக்கினால் அடிப்பகுதி குழிந்துவிடும். ராட்செட் பட்டையைவிடக் கையால் இழுக்கும் பக்கிள் பட்டையே நல்லது. கவிழ்த்தோ பக்கவாட்டிலோ வைப்பது உகந்தது. நிமிர்த்தி வைத்தால் உட்காரும் குழியை மூட வேண்டும், இல்லையேல் மழைநீர் தேங்கி எடை கூடும்.

• பட்டை காற்றில் அதிர்ந்து ஓலமிடும். ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் அடங்கும்.

பின்னால் நீட்டும் சுமை: பிரிட்டன் விதி

ஒரு மீட்டருக்கு மேல் நீட்டினால் முனை தெளிவாகத் தெரியும்படி அடையாளம். இரண்டு மீட்டருக்கு மேல் குறியீட்டுப் பலகை. 3.05 மீட்டருக்கு மேல் காவல்துறைக்கு முன்னறிவிப்பும் உடன் ஓர் உதவியாளரும். மூன்று எண்களையும் பொருத்துக வினாவாகக் கேட்கலாம்.

சுற்றுச்சூழல்: படகோடு வரும் விருந்தாளி

• கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி, கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றும் பேலஸ்ட் நீரோடு வட அமெரிக்கா வந்தது. 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. அதன் உறவான குவாகா சிப்பி 2007இல் மீட் ஏரியில் தென்பட்டது. குடிநீர்க் குழாய்களையும் மின்நிலைய நீர்வழிகளையும் அடைப்பவை இவை.

• ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு இவற்றைக் கொண்டுபோவது பெரும்பாலும் சாலையில் ஏறிய படகுகள். கண்ணுக்குத் தெரியாத இளம் உயிரிகள் மிச்சத் தண்ணீரில் பிழைத்திருக்கும். அதற்கான அமெரிக்க முழக்கம்: கழுவு, வடி, உலர்த்து. மோன்டானா, ஐடஹோ மாநிலச் சோதனைச் சாவடிகளில் கயாக் ஏற்றிய வண்டியும் நின்றாக வேண்டும்.

• 2023 செப்டம்பரில் ஐடஹோவின் ஸ்னேக் ஆற்றில் குவாகா கண்டறியப்பட்டு, ஆற்றில் செம்பு கலந்த மருந்து விடப்பட்டது.

• பேலஸ்ட் நீர் மேலாண்மை ஒப்பந்தம்: ஏற்கப்பட்டது 2004, நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பர் 8. பொறுப்பு அமைப்பு லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு.

• தமிழ்நாட்டில் எண்ணூர், பழவேற்காடு நீர்ப்பகுதிகளில் பரவியிருக்கும் தென் அமெரிக்கச் சிப்பியை மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா.