கலப்படச் சரக்கும் ஐக்கிய சங்கத்தாரும்

கலப்படத்தைத் தடுக்கச் சட்டம் இருந்தும் கலப்படம் ஒழியவில்லையே என்று சங்க அங்கத்தினர்கள் வினவுவதுண்டு. சட்டம் தானாகக் கடைவீதிக்கு நடந்து வருவதில்லை. சரக்கு வாங்குகிறவர் அதனை முறைப்படி உபயோகித்தாலன்றி அது ஏட்டளவிலேயே கிடக்கும். ஆகையால் அதில் நமக்கு வேண்டிய பகுதிகளை ஈண்டு எடுத்துரைப்போம்.

ஐக்கிய இயக்கத்திற்கும் இவ்விஷயத்திற்கும் ஆதிமுதற்கொண்டே சம்பந்தம் உண்டு. 1844-ம் வருஷம் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துத் தொழிலாளிகள் தங்கள் பண்டகசாலையைத் திறந்தபோது மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில சாமான்களே அதிலிருந்தன. ஆயினும் அவற்றைக் கலப்பின்றியும் சரியான நிறையிலும் விற்றனர். அக்காலத்தில் அந்நாட்டில் அது அரிது. 1858-ல் பிராட்போர்டு நகரத்து மிட்டாய் வியாபாரி ஒருவர், சர்க்கரைச் செலவை மிச்சப்படுத்தச் சேர்க்கும் வெள்ளைச் சாந்துப் பொடியை வாங்கிவர ஆள் அனுப்பினார். மருந்துக்கடைச் சிப்பந்தி 12 ராத்தல் வெள்ளைப் பாஷாணத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார். அம்மிட்டாயைத் தின்று ஏறக்குறைய 20 பேர் மாண்டனர். 200 பேர் வரை நோயுற்றனர். வழக்கு நடந்தும் ஒருவரும் தண்டனை அடையவில்லை. பாஷாணம் சேர்ந்தது கைப்பிசகு. சாந்துப் பொடி சேர்ப்பதோ வழக்கமாயிருந்த ஒன்று! அதன் பின்னரே, 1860-ல், உணவுக் கலப்படத்தைப் பற்றிய பொதுச் சட்டம் அங்கே பிறந்தது.

சென்னை ராஜதானியில் 1918-லும், மத்திய சட்டமாக 1954-லும் கலப்படத் தடைச் சட்டங்கள் ஏற்பட்டன. அவற்றிற்குப் பின் வந்து, 2011 ஆகஸ்டு 5 முதல் அனுஷ்டானத்திலிருப்பது 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம்.

இதன் 40-வது பிரிவை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். சாதாரணப் பிரஜை எவரும், தாம் வாங்கிய உணவுப் பொருளைக் கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரீட்சை செய்வித்து அறிக்கை பெறலாம். ஒரு நிபந்தனை உண்டு. பரீட்சைக்கு அனுப்பும் எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். வீட்டிற்குக் கொண்டுபோய்ப் பாதியைச் செலவழித்துவிட்டுப் பின்னர் சந்தேகப்படுவது இப்பிரிவிற்கு உதவாது. சரக்கு குற்றமுள்ளதென்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கையும் மேல் நடவடிக்கைக்காக நியமன அலுவலருக்குச் செல்லும்.

கட்டணம் செலுத்த இயலாதவர் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். அவர் கடைக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, மாதிரியெடுத்து, சாதாரணமாக நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் முத்திரையிட்டு, கடைக்காரரின் கையொப்பமோ கைநாட்டோ வாங்க வேண்டும். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்கும் இரண்டு பங்கு நியமன அலுவலருக்கும் போகும். எஞ்சியதை, கடைக்காரர் கோரினால், அங்கீகாரம் பெற்ற வேறொரு பரிசோதனைச்சாலைக்கு அனுப்புவார்கள். வியாபாரிக்கும் நியாயம் கிடைக்கும்படியாக அமைந்த ஏற்பாடு இது. பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும்.

விஷமில்லாவிட்டாலும் பொய்யான மேல்சீட்டு குற்றமே. எள்ளுச்செடியின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, உள்ளே வேறு எண்ணெய் கலந்து விற்றால், எழுத்து மட்டுமன்று, படமும் ஏமாற்றாகவே கொள்ளப்படும். இதற்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும், தரங்குறைந்த சரக்கிற்கு 5 லட்சம் வரையிலும், ஏமாற்று விளம்பரத்திற்கு 10 லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. கேடுள்ள உணவால் ஒருவர் மாண்டால் 7 வருஷத்திற்குக் குறையாத சிறை. அது ஆயுள் வரையும் நீளலாம்.

நிர்வாகஸ்தர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று. பண்டகசாலை நடத்தும் சங்கமும் சட்டத்தின் முன் ஒரு வியாபாரியே. “நாங்கள் செய்த எண்ணெயன்று, வாங்கி விற்றோம்” என்னும் வாய்மொழி செல்லாது. மொத்த வியாபாரி கொடுக்கும் விலைப்பட்டியலே 26-வது பிரிவின்படி சரக்கிற்கு உத்தரவாதப் பத்திரமாகிறது. தக்க ஜாக்கிரதை எடுத்துக்கொண்டதாக 80-வது பிரிவின் கீழ் எதிர்வாதம் செய்யவும் அதுவே முதற் சாட்சியம். அவ்வாறிருக்க, இரண்டு ரூபாய் சலுகைக்காகப் பட்டியலின்றிச் சரக்கு இறக்கும் சங்கங்களும் உள்ளன. அவற்றின் துணிச்சலை மெச்சுவதற்கில்லை! குற்றம் நடந்த ஒரு வருஷத்திற்குள் வழக்குத் தொடரலாம். ஆணையர் காரணங்காட்டி 3 வருஷம் வரையில் அனுமதிக்கவும் கூடும். ஆகவே பட்டியல்களை, டின்னிலுள்ள தொகுதி எண்ணையும் அவற்றில் குறித்து, 3 வருஷத்திற்குக் குறையாமல் சங்கப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.