கரிசலின் பதம்

நுழையும்முன்

மழைக்காலத்தில் காலைப் பற்றி இழுக்கும். கோடையில் பாறையாய் இறுகிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இத்தகைய களிப்பாங்கான கரிசலில் தோட்டம் அமைக்க முனைவோர் பலர் முதலாண்டிலேயே மனம் தளர்ந்துவிடுகின்றனர். வளம் மிகுந்தும் வேருக்கு வழிவிடாத அம்மண்ணை இளக்கும் முறைகளைக் கொங்குநாட்டு நிலத்தை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

காட்டில் ஒரு தோட்டம்

பழைமையான இருப்புப்பாதைச் சந்திப்பாகிய போத்தனூரைச் சூழ்ந்த சமவெளியில் செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கொங்கு வழக்கில் ‘காடு’ என்பது வனத்தைக் குறிப்பதன்று. மழையை நம்பிய புன்செய் நிலத்தையே குறிக்கும். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாகக் கிடக்கும் அத்தகைய காட்டில், குழாய்நீர் எட்டாத தொலைவில், ஒரு வீட்டையும் அதனைச் சுற்றிச் சில கனிமரங்களையும் காய்கறிப் பாத்திகளையும் விரும்புவோர் இன்று பலர். இவ்வட்டாரத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் வீசும் காற்று எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிச் செல்லும். எனவே, பெய்யும் மழையை மண்ணுக்குள் இறக்கி வைத்தாலன்றித் தோட்டம் நிலைப்பதில்லை.

வழக்கமாக நிகழும் இழப்பு ஒன்று உண்டு. இரண்டடிக் குழி வெட்டி, அதில் செம்மண்ணும் எருவும் நிரப்பி, மாங்கன்றோ சப்போட்டாக் கன்றோ நடப்படுகிறது. கன்றும் தழைக்கிறது. அடைமழை வந்ததும் குழிக்குள் இறங்கிய நீர் களிச்சுவரைக் கடக்க இயலாமல் தேங்கி நிற்க, காற்றின்றி வேர் அழுகிவிடுகிறது. நட்டவர் நாற்றங்காலைக் குறைகூறுவார். உண்மையில் அடைப்பட்ட தொட்டியாக மாறிய குழியே கன்றைக் கொன்றது. குழிக்குள் மட்டும் நல்ல மண்ணை இட்டு வெளிமண்ணை அப்படியே விடுவதனால் வரும் கேடு இது.

துகளும் திரளும்

களித்துகளின் விட்டம் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு. கரிசலில் மிகுந்துள்ள களிக்கனிமம் தாள் அடுக்கினைப் போன்றது. அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்தால் உப்பும், வெளியேறினால் சுருங்கும். கோடையில் தோன்றும் வெடிப்புகளுக்கு அச்சுருக்கமே காரணம். அதே அடுக்குகள்தாம் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் முதலிய சத்துகளையும் பற்றி வைக்கின்றன. மணல் நிலத்தில் ஒரு மழையோடு கரைந்து போகும் சத்து, கரிசலில் தங்கி நிற்கும். ஆகவே களியை அகற்றுவது பயனுடைய வேலையன்று. துகள்கள் ஒன்றுகூடிச் சிறுசிறு திரள்களாகவும், திரள்களுக்கிடையே காற்றும் நீரும் செல்லும் துளைகளாகவும் மண் அமைய வேண்டும், தேவைப்படுவது அவ்வளவே.

இங்கே பலரும் நாடுவது மணல். களியோடு மணலைக் கலந்தால் இளகும் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால், சிறிதளவு மணலைக் கலக்கும்போது மணற்பருக்கைகளின் இடைவெளிகளைக் களித்துகள்கள் நிறைத்துவிடும். காய்ந்ததும் அக்கலவை முன்னைவிட இறுகும். இளக்கம் வேண்டுமெனில் மணலின் அளவு களியின் அளவை விஞ்ச வேண்டும். ஒரு தோட்டத்திற்கு அத்தனை வண்டி மணலை ஆற்றிலிருந்து அள்ளுவது பொருளுக்கும் கேடு, ஆற்றுக்கும் கேடு.

திரளை உருவாக்குவன உயிர்களே. மட்கும் இலைதழையை உண்ணும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசை துகள்களை ஒட்டுகிறது. பூஞ்சை இழைகள் அவற்றைக் கட்டுகின்றன. மண்புழுக்கள் துளைகளை அமைக்கின்றன. இவ்வுயிர்களுக்கு உணவளிப்பதே மண் திருத்தத்தின் உயிர்நிலை.

பதம் அறிதல்

எருவுக்கு முன்பாகக் கருத வேண்டியது காலம். ஈரக் கரிசலில் மண்வெட்டியையோ டிராக்டரையோ இறக்கினால் துகள்கள் நசுங்கிப் பளபளக்கும் பாளங்களாகப் புரளும். உள்ளிருந்த துளைகள் அடைபடும். அதைச் சீராக்க ஓராண்டுகூடப் போதாது. முற்றும் காய்ந்தபின் கொத்தினாலோ கட்டிகள் உடையா. இரண்டுக்கும் இடைப்பட்ட சில நாள்களையே உழவர் ‘பதம்’ என்பர். ஒரு கைப்பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்த வேண்டும். வழுக்கிக் குழிந்தால் ஈரம் மிகுதி. பொலபொலவென உதிர்ந்தால் அதுவே பதம். விலையுயர்ந்த கருவி எதுவும் இதைவிட விரைவாகச் சொல்லிவிடாது.

மேலைநாட்டுத் தோட்டநூல்கள் இலையுதிர்காலத்தில் களிமண்ணைக் கிளறிவிட்டு, உறைபனி அக்கட்டிகளை உடைக்கக் காத்திருக்கச் சொல்லும். கொங்குநாட்டில் அப்பணியைச் செய்வது சித்திரை வெயில். கோடைமழைக்குப்பின் பதமறிந்து கிளறிய மண், காய்ந்து வெடித்து, அடுத்த மழையில் தானே உதிரும். ஒரு தொடிப் புழுதி கால்பங்காகும்வரை உலர்ந்தால் பிடி எருவும் வேண்டா என்னும் கருத்தைத் திருக்குறளின் உழவு அதிகாரத்தில் காணலாம். உலர்ந்த மண் மீண்டும் நனையும்போது நுண்ணுயிர்களின் இயக்கம் திடீரெனப் பெருகித் தழைச்சத்து வெளிப்படுவதை இன்றைய மண்ணியலும் கூறுகிறது. எனினும் உலர்த்துதல் மட்டும் ஆண்டுதோறும் போதுமானதன்று. அடுத்த குறளே எருவிடுதலை உழுதலினும் மேலாக வைக்கிறது.

மட்கின் வரவு

கரிசலுக்கு மட்கு சேர்ப்பதில் இந்தூரில் நடந்த முயற்சி உலகறிந்தது. 1924இல் அங்கு அமைந்த பயிராய்வு நிறுவனத்தை நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட், பருத்திக்குரிய கரிசல் நிலத்திலேயே பணிபுரிந்தார். பருத்திமார் எளிதில் மட்காது. அதனைப் பண்ணைச் சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரங்கள் நசுக்கியபின் மாட்டுத் தொழுவில் படுக்கையாக இட்டு, சாணத்தோடும் சிறுநீர் ஊறிய மண்ணோடும் அடுக்கி மட்கச் செய்தார். 1931இல் யஷ்வந்த் வாட் என்பவருடன் இணைந்து இம்முறையை நூலாக்கினார். உழவரிடமிருந்து தாம் கற்றவற்றையும் ஹோவர்ட் மறைக்கவில்லை.

போத்தனூர்ப் பக்கத்தில் பருத்திமாரைவிட எளிதாகக் கிடைப்பது பொள்ளாச்சியின் தென்னை நார்க்கழிவு. அதைப் பச்சையாக இடுவது தவறு. மட்கும்போது மண்ணின் தழைச்சத்தையே அது இழுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில், ஒரு டன் கழிவுக்கு ஐந்து புட்டிச் சிப்பிக்காளான் வித்தும் ஐந்து கிலோ யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்தால் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் கருத்த மட்கு கிடைக்கும். ஆட்டுப்பட்டி அடைத்தலும், சணப்பை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதலும் செலவு குறைந்த வழிகள். ஆழ இறங்கும் சணப்பு வேர் மண்வெட்டி எட்டாத இடத்தையும் துளைத்துவிடும்.

தொழுவுரம் எக்டேருக்கு 12.5 டன் என்பது பொதுப் பரிந்துரை. சென்டுக்கு ஏறத்தாழ 50 கிலோ. இதனைக் குழிக்குள் குவிக்காமல் பாத்தி முழுவதும் பரப்பி மேல்மண்ணோடு கலக்க வேண்டும். கன்றுக்குழியின் சுவர்களைக் கடப்பாரையால் கீறி, எடுத்த மண்ணையே மட்குடன் கலந்து நிரப்பி, நடுமேட்டை தரைமட்டத்திற்குச் சற்று உயர்த்த வேண்டும். காய்கறிக்கு மேட்டுப்பாத்தியே ஏற்றது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் இயங்கும் இக்ரிசாட் நிறுவனம் கரிசலுக்கென வகுத்த அகலப்பாத்தி முறையில் ஒரு மீட்டர் பாத்தியும் அரை மீட்டர் வாய்க்காலும் மாறிமாறி அமையும். மிகைநீர் வாய்க்காலில் வடிய, வேர் மேட்டில் மூச்சுவிடும். பாத்தியின் மேல் காய்ந்த புல்லாலும் சருகாலும் மூடாக்கு இட்டால் ஆடிக்காற்று ஈரத்தைக் கவராது.

சுண்ணாம்பும் ஜிப்சமும்

களிக்குச் சுண்ணாம்பு இடச் சொல்லும் அறிவுரை அமில மண்ணுக்கு உரியது. சிமெண்டுக்குப் பாறை வெட்டும் மதுக்கரை அருகிலேயே உள்ளது. கோவைக் கரிசலிலும் சுண்ணாம்பு இயல்பாகவே மிகுதி. மேலும் இட்டால் இரும்புச்சத்து கிட்டாமல் இளந்தளிர் மஞ்சளிக்கும். அதற்கு அன்னபேதிக் கரைசலை இலைமேல் தெளிப்பர். மண்ணிலிட்டால் சுண்ணாம்பு அதனை முடக்கிவிடும். ஜிப்சமோ சோடியம் மிகுந்த களருக்கு மருந்து. காய்ந்த சிறு கட்டியை மழைநீரில் அசைக்காமல் இட்டு, மறுநாள் நீர் பால்போல் கலங்கியிருந்தால் களரென ஐயுற்று மண் ஆய்வகத்தை நாடலாம். தெளிந்திருந்தால் அச்செலவு வேண்டியதில்லை.

வெப்பநிலத்தில் மட்கு விரைவில் சிதைந்துவிடும். ஒருமுறை இட்டுவிட்டு ஓய முடியாது. கோவையில் 1972 முதல் கரிசல்சார்ந்த மண்ணில் நடைபெறும் நீண்டகால உர ஆய்வில், சமச்சீர் உரத்தோடு தொழுவுரமும் ஆண்டுதோறும் பெறும் பாத்திகளில் கரிமச்சத்து மற்றவற்றைவிட உயர்ந்துள்ளது. தோட்டத்திலும் முதலாண்டின் மாற்றம் மேலே நான்கு விரற்கடை அளவில்தான் தெரியும். மூன்றாம், நான்காம் ஆண்டில் மழைக்குப்பின் நீர் தேங்கும் நேரம் குறையும்; வெடிப்புகள் சிறுக்கும்; மூடாக்கை விலக்கினால் மண்புழுவின் எச்சக்குவியல்கள் தென்படும். கனிமரங்களை அப்போது நட்டாலும் காலம் கடந்ததாகாது.